குமண வனம் பற்றிய கண்காட்சிக்குக் கைகொடுத்தோருக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களே, நண்பர்களே,

இலங்கையின் தென்கிழக்குக் கரையோரத்திலுள்ள குமண தேசியப் பூங்காவின் வரலாற்றையும் உயிரினங்களையும் பற்றி எமது மாணவர்கள் கல்லடியில் நடத்திய கண்காட்சி நல்லபடியாக நிறைவேறியது. உங்கள் ஒவ்வொருவரையும் நேரில் கண்டு நன்றி சொல்வதே முறை. ஆயினும் பாணமை, பொத்துவில், அக்கரைப்பற்று, மட்டக்களப்பு என்று நீங்கள் பரந்திருப்பதால் இம்மடலின் வழியாகவே அதைத் தெரிவிக்கிறோம்.

முதல் நன்றி, எங்களை விறாந்தையில் இருத்தித் தேநீர் தந்து பழங்கதை சொன்ன பாணமை முதியவர்களுக்கு உரியது. நம்மவர்களில் பலருக்குக் குமண என்பது, உகந்தைமலை முருகனைத் தரிசித்துவிட்டுக் கதிர்காமத்துக்கு நடந்துபோகும் யாத்திரிகர்கள் கடக்கும் காடு மட்டுமே. அது 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 1970இல் யால கிழக்கு தேசியப் பூங்காவானது, 2006இல் குமண என்ற பெயரைப் பெற்றது, 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது என்ற வரிசையை நூலகத்தில் எடுத்துவிடலாம். ஆனால் யுத்தம் காரணமாக 1985 முதல் 2003 வரை பூங்கா மூடிக்கிடந்ததையும், திறந்த மறு ஆண்டே ஆழிப்பேரலை அக்கரையோரத்தைத் தாக்கியதையும் அவ்வூரார் வாயால் கேட்டபோதுதான் அந்த ஆண்டுகளுக்கு உயிர் வந்தது. அவற்றை மாணவர்கள் தம் கையெழுத்திலேயே பதிந்து வைத்தனர்.

அடுத்து, எங்களை ஏற்றிச்சென்ற ஜீப் சாரதித் தம்பிக்கும் உடன்வந்த வழிகாட்டி ஐயாவுக்கும். பூங்காவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் சிறுத்தையைத்தான் கேட்பார்கள். எமது பிள்ளைகளும் அப்படியே கேட்டார்கள். வழிகாட்டி ஐயாவோ சிறுத்தையைத் தேடி அலையாமல் 'குமண வில்லு' எனப்படும் சதுப்பு ஏரியின் ஓரத்தில் வண்டியை நிறுத்தச் செய்தார். அந்த முடிவு முழுக்கச் சரியானது என்றே நான் கருதுகிறேன். பூங்காவின் தென் எல்லையான கும்புக்கன் ஆற்றிலிருந்து ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றின் வழியே நீர் பெறும், சுமார் 200 ஹெக்டேயர் பரப்பான அச்சதுப்பு ஏரியே குமணவின் உயிர்நிலை. சில வேளைகளில் கடல்நீரும் அதில் ஏறுவதால் கண்டல் மரங்கள் அங்கே தழைக்கின்றன. மே, ஜூன் மாதங்களில் அம்மரங்களில் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா எனப் பல இனங்கள் நெருக்கியடித்துக் கூடு கட்டுகின்றன. கூழைக்கடாக் குஞ்சொன்று தாயின் தொண்டைப் பைக்குள் கழுத்துவரை தலையை நுழைத்து மீனை இழுத்தெடுத்ததைத் தொலைநோக்கியில் மாறிமாறிப் பார்த்த பிள்ளைகள், அதன்பிறகு சிறுத்தையைப் பற்றிப் பேசவேயில்லை. இலங்கையில் மிக அரிதாகிவிட்ட கருங்கழுத்து நாரையும் இங்கே வாழ்கிறது என்று ஐயா சொன்னார். அது எங்கள் கண்ணில் படவில்லை. யானையும் சேற்றில் கிடந்த முதலையும் தாமாகவே வந்து காட்சி தந்தன.

வாயிலில் அனுமதி அலுவல்களை விரைந்து முடித்துத்தந்த வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர்களுக்கும், பழைய வரைபடங்களைப் பிரதி எடுக்க அனுமதித்த நூலகத்தாருக்கும், சோறு கட்டித்தந்த பொத்துவில் அக்காமாருக்கும் எமது நன்றி. பதாகைகளை அச்சிட்ட அச்சகத்தார் கூலியில் பாதியைக் கழித்ததோடு, 'அரிவாள் மூக்கன்' என்பதில் மாணவர் விட்டிருந்த எழுத்துப்பிழையையும் சொல்லாமலே திருத்தியிருந்தார்கள்.

காட்சிப் பலகைகள் அடுத்து பொத்துவில் பாடசாலைகளுக்குப் போகின்றன. யாத்திரைக் காலப் புகைப்படங்களை இரவல் தந்தவர்கள் அவற்றை மூலப்பிரதியாகவே எங்களிடம் பெற்றுக்கொள்ளலாம். பலகைகளில் இருப்பவை பிரதிகள் மட்டுமே.

இவ்வண்ணம்,
கண்காட்சிக் குழுவின் சார்பில்,
பொறுப்பாசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.