பத்துக்குப் பத்து வீட்டில் பிள்ளையை எங்கே தூங்கவைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பச்சிளங்குழந்தையைத் தூங்கவைப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை என் மகள் வாசித்துக் காட்டினாள். குழந்தை அம்மாவின் அறையிலேயே, ஆனால் தனிக் கட்டிலில் படுக்க வேண்டும். மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சந்து இருக்கக் கூடாது என்றெல்லாம் டாக்டர் எழுதியிருந்தார். அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கூடவே போட்டிருந்த படத்தில் குழந்தைக் கட்டிலைச் சுற்றி நாலு பக்கமும் ஆள் நடக்க இடம் கிடந்தது. எங்கள் ஊர் லைன் வீடுகளில் பீரோவைத் திறக்க வேண்டுமென்றால் கட்டிலில் ஏறி உட்கார்ந்துதான் திறக்க வேண்டும்.

நான் திருப்பூரில் கட்டட மேஸ்திரி. பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வருகிறவர்களுக்காக வரிசையாகக் கட்டும் லைன் வீடுகள்தான் எனக்குப் பிழைப்பு. பத்துக்குப் பத்தில் ஓர் அறை, ஓரமாகச் சமையல் மேடை, கக்கூஸ் வெளியே பொதுவில். இப்படி எத்தனையோ வீடு கட்டிவிட்டேன். இப்போது என் மகளும் மாப்பிள்ளையும் அப்படி ஒரு வீட்டில்தான் கைக்குழந்தையோடு இருக்கிறார்கள். ஆகவே கட்டினவனாகவும் தாத்தாவாகவும் இரண்டு பக்கத்திலிருந்தும் எழுதுகிறேன்.

டாக்டர்கள் இதைப் படுக்கைச் சமாச்சாரமாகப் பார்க்கிறார்கள். எனக்கு இது கூரைச் சமாச்சாரம். அந்த அறையில் தரை முழுக்க ஆளுக்கும் பண்டபாத்திரத்துக்கும் போய்விடுகிறது. மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட் என்றால் பகல் முழுக்கப் பாயை விரித்துத் தூங்குகிறார். அடுப்பு எரிகிறது. மூத்த பிள்ளை இருக்கிற வீடானால் அது ஓடுகிறது, தாண்டுகிறது. கைக்குழந்தைக்கு மிச்சம் இருப்பது அந்தரம் மட்டும்தான். அதனால்தான் நம் ஜனங்கள் சேலைத் தொட்டிலை விடுவதில்லை. எறும்பு அண்டாது, எலி அண்டாது, மூத்திரம் போனால் கீழே ஒழுகிவிடும், காலால் கயிற்றை இழுத்துக்கொண்டே கையால் காய் அரியலாம். தொட்டிலே கூடாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் லைன் வீட்டுப் பெண்கள் அந்தக் கட்டுரையைப் படிக்காமல் அடுத்த பக்கம் போய்விடுவார்கள்.

சரி, தொட்டிலை எங்கே கட்டுகிறார்கள் என்று பாருங்கள். பழைய ஓட்டு வீட்டில் விட்டம் இருந்தது, பிரச்சினை இல்லை. கான்கிரீட் கூரை போட்ட தார்சு வீடு வந்த காலத்தில்கூட, கூரைக்குக் கம்பி கட்டும்போதே வீட்டுக்காரப் பெரியம்மா வந்து, "தொட்டிலுக்குக் கொக்கி விட்டியா மேஸ்திரி?" என்று கேட்காமல் போக மாட்டார்கள். இப்போது வாடகைக்கு விடுவதற்காகக் கட்டுகிற ஓனர் யாரும் கேட்பதில்லை. நானாகக் கேட்டால், "கொக்கி எதுக்குப்பா, குடும்பம் பெருகினா தண்ணிக்கு எங்கே போறது?" என்று ஒருவர் சிரித்தார். குடிவந்தவர்கள் பின்னால் துளை போட விடுவதும் இல்லை, ஒழுகும் என்று பயம். எனவே மின்விசிறிக் கொக்கியில் கட்டுகிறார்கள். மின்விசிறியைக் கழற்றி வைத்துவிட்டு, சித்திரை வெயிலில். இல்லாவிட்டால் ஜன்னல் கம்பிக்கும் பரண் கம்பிக்கும் நடுவே கயிறு இழுத்து அதில் தொங்கவிடுகிறார்கள். பரண் பலகைக்குக் கீழே ஒரு செங்கல் விலகி நின்றதை நானே தட்டிப் பார்த்திருக்கிறேன்.

சிமெண்ட் ஷீட் போட்ட வீடு இன்னும் மோசம். ஷீட்டைத் தாங்கும் இரும்பு பைப்பில் கட்டுகிறார்கள். பைப்பு எடை தாங்கும், சந்தேகமில்லை. ஆனால் அதன் முனை ஹாலோ பிளாக் சுவரில் சும்மா உட்கார்ந்திருக்கும். தொட்டில் ஆட ஆட அந்த முனை சுவரை அரித்துக்கொண்டே வரும். அதோடு சூடு. மதியம் ஷீட் வீட்டில் தரையில் படுத்தால் ஓரளவு பொறுக்கலாம்; எழுந்து நின்றால் தலைக்கு மேல் அனல் இறங்கும். அந்த அனலில் துணியைச் சுற்றிப் பிள்ளையைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? அதிகச் சூடு கைக்குழந்தைக்கு ஆகாது என்று டாக்டரே எழுதியிருக்கிறார். ஷீட் வீட்டுக்காரர்கள் கோடையில் தொட்டிலை எவ்வளவு தாழ்வாகக் கட்ட முடியுமோ அவ்வளவு தாழ்வாகக் கட்டுங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி போதும். அவிழ்ந்து விழுந்தாலும் தூரம் குறைவு.

இப்போது கொக்கிக்கு வருகிறேன். பத்துக்குப் பத்து அறையில் மின்விசிறி நடுவில் இருக்கும், நாலு சுவருக்கும் ஐந்து ஐந்து அடி. இறக்கை நுனி நடுவிலிருந்து இரண்டு அடி வரும். அடுப்பு இல்லாத மூலையாகப் பார்த்து, இரண்டு சுவரிலிருந்தும் இரண்டரை இரண்டரை அடி தள்ளிக் கொக்கி வைத்தால், குறுக்கே அளக்கும்போது மின்விசிறி நடுவுக்கும் அதற்கும் மூன்றரை அடி கிடைக்கும். கயிறு இறக்கையில் மாட்டாது. மெதுவாக ஆட்டினால் சுவரிலும் இடிக்காது. கம்பி 12 எம்எம் போதும், ஆனால் முறுக்குக் கம்பி வேண்டாம். அதன் வரி கயிற்றைத் தேய்த்து அறுத்துவிடும். பிளெயின் கம்பியை வளைத்து, இரண்டு காலையும் கீழ்க்கம்பி வலைக்கு மேலே ஏற்றி, ஒவ்வொரு பக்கமும் ஓர் அடி படுக்கவைத்துக் கட்டுக்கம்பியால் முடிந்துவிட வேண்டும். அப்போது எடையைக் கம்பி வலை தாங்கும், பூச்சோ வெறும் கான்கிரீட்டோ தாங்க வேண்டியதில்லை. வெளியே நிற்கும் வளையத்துக்கு ரெட் ஆக்சைடு ஒரு கை. ஒரு மீட்டர் 12 எம்எம் கம்பி 900 கிராம்கூட வராது. இதைச் செலவு என்று சொல்கிற ஓனரை நான் ஓனராகவே மதிப்பதில்லை.

ஏற்கெனவே கட்டின தார்சு வீடானால் பூச்சில் ஆணி அடிக்காதீர்கள். கான்கிரீட் பீம் இருக்கிற இடம் பார்த்து ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள். போட்ட பிறகு ஒரு சிமெண்ட் மூட்டையை ராத்திரி முழுக்க அதில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஐம்பது கிலோ. பிள்ளை ஐந்து கிலோதானே என்று கேட்பீர்கள். பிள்ளைக்காக அல்ல, அதன் அக்காவோ அண்ணனோ ஒருநாள் அதில் ஏறி உட்கார்ந்து ஆடத்தான் போகிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். தொட்டில் சேலையில் விளையாடிய சிறுவன், கழுத்து இறுகிய சிறுமி என்று உங்கள் நாளிதழிலேயே செய்தி வருகிறது. அதில் பெரும்பாலும் கைக்குழந்தை இல்லை. ஆறு வயது, எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள். சேலைக்குள் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி முறுக்கேற்றி விடுவது பிள்ளைகளுக்குப் பெரிய ஆட்டம். கைக்குழந்தையை எடுத்ததும் சேலையைச் சுருட்டி, எட்டாத உயரத்தில் முடிந்து வைக்க வேண்டும். ஸ்பிரிங் போட்டுத் தொங்கவிடுகிறவர்கள் ஸ்பிரிங்குக்குள் ஒரு நைலான் கயிற்றைத் தளர்வாக விட்டுக் கட்ட வேண்டும். ஸ்பிரிங் அறுந்தாலும் கயிறு பிடிக்கும்.

ராத்திரித் தூக்கம் வேறு விஷயம். அதில் நான் தொட்டிலுக்கு வக்கீலாக வரவில்லை. மகள் பிரசவமாகி எங்கள் வீட்டில் இருந்தபோது கிராம சுகாதாரச் செவிலியர் பார்க்க வந்தார். பேத்தி தொட்டிலில் கிடந்தாள். அவர் சேலையை விலக்கி, குழந்தையின் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே தன் விரலை வைத்துக் காட்டினார். "பாருங்கய்யா, வளைஞ்சு கிடந்தா தாடை நெஞ்சுல இடிக்குது. கழுத்து நிக்காத பிள்ளைக்கு மூச்சு அடைக்கும். நீங்க முழிச்சிருந்து பாத்துக்கிட்டா சரி. தூங்கப் போறப்ப தரையில மல்லாக்கப் போட்டுடுங்க." அவ்வளவுதான் சொன்னார். எங்கள் வீட்டம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. நாமெல்லாம் தொட்டிலில் வளர்ந்தவர்கள்தானே என்றாள். வளர்ந்தோம். ஆனால் அன்றைக்குத் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி தூங்காத கிழவி ஒருத்தி வீட்டுக்கு வீடு இருந்தாள். லைன் வீட்டில் மகளும் மாப்பிள்ளையும் மட்டும்தான். பன்னிரண்டு மணி நேரம் தையல் மெஷினில் உட்கார்ந்து வந்தவர் படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டார்.

அவர்கள் வீட்டில் இப்போது என்ன ஏற்பாடு என்று சொல்கிறேன். இரும்புக் கட்டிலை மடக்கிச் சுவரோடு நிறுத்திவிட்டோம். அந்தக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் சந்து இருந்தது. குழந்தை உருண்டு முகம் புதைய அது போதும். எல்லோரும் தரையில். கோரைப் பாய், அதன் மேல் நாலாக மடித்த பவானி ஜமுக்காளம், அதன் மேல் இழுத்துச் செருகிய பழைய வேட்டித் துண்டு. இது பேத்தியின் இடம். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் என் மகள், அவளுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை. பால் கொடுத்துவிட்டுத் திரும்பத் தன் இடத்திலேயே மல்லாக்க வைத்துவிடுவாள். தலையணை இல்லை. மண்டை உருண்டையாக வரும் என்று சம்பந்தியம்மா தைத்துக் கொடுத்த கடுகுத் தலையணை இப்போது சாமி மாடத்தில் இருக்கிறது. பேர் வைக்க வந்தவர்கள் கொண்டுவந்த பஞ்சு மெத்தையும் பக்கத்துக்கு ஒன்றாக உருட்டுத் தலையணையும் பீரோ மேல் இருக்கின்றன. அழகான சாமான்கள். பிள்ளையின் மூக்கருகில் மட்டும் வேண்டாம்.

கொசுவர்த்திச் சுருள் பத்துக்குப் பத்து அறையில் கூடவே கூடாது. கதவைச் சாத்தினால் புகை போக வழியில்லை. வலை கட்டுங்கள். எறும்புக்கு மருந்துச் சாக்குக்கட்டியால் பாயைச் சுற்றிக் கோடு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது விஷம். பால் சிந்தின துணியை உடனே அலசிப்போட்டாலே எறும்பு பாதி குறையும்.

இன்னொன்று, பெண்கள் வெளியே சொல்லத் தயங்குவது. எங்கள் ஊரில் சனிக்கிழமை சம்பளம். அன்றைக்கு ராத்திரி டாஸ்மாக் போய்விட்டு வருகிற தகப்பன் பிள்ளை படுத்திருக்கும் பாயில் படுக்கக் கூடாது. திண்ணையோ வாசலோ, வேறு இடம். குடித்தவனுக்குத் தன் கை எங்கே கிடக்கிறது என்று தெரியாது. பீடி சிகரெட் புகைக்கிறவர்களும் பிள்ளையோடு ஒரே படுக்கையில் ஒட்டிப் படுக்கக் கூடாதாம். இதையும் அந்தச் செவிலியர்தான் சொன்னார், என் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டே.

அமெரிக்காவில் 1994ல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று ஓர் இயக்கமே நடத்தினார்களாம், தூக்கத்திலேயே இறந்துபோகிற சிசுக்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்ததாம். ஃபின்லாந்தில் 1938லிருந்து ஏழைத் தாய்மாருக்கும், 1949லிருந்து எல்லாத் தாய்மாருக்கும் அரசாங்கம் குழந்தைத் துணிமணிகளை ஒரு கெட்டி அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்து வருகிறது. அடியில் சின்ன மெத்தை போட்டு அந்தப் பெட்டியிலேயே பிள்ளையைத் தூங்கவைக்கிறார்கள். மகள் செல்போனில் காட்டினாள். பனியனை அட்டைப்பெட்டியில் அடுக்கி ஏற்றுமதி செய்கிற ஊர்க்காரன் எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. நம் அரசும் சும்மா இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்கு 2015ல் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் சின்னப் படுக்கையும் வலையும் சேர்த்திருந்தார்கள். அதில் ஒரே ஒரு தாளும் வைத்தால் என்ன? ஒற்றை அறை வீட்டின் படம் வரைந்து, பாய் எங்கே, அம்மா எங்கே, பிள்ளை எங்கே, தொட்டில் எவ்வளவு உயரம் என்று காட்டினால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் விளங்கும். வடக்கேயிருந்து வந்து எங்கள் ஊரில் வேலை செய்கிற பெண்களுக்கும் விளங்கும். அவர்களுக்கு நம் செவிலியர் பேசுகிற தமிழ் பாதிதான் புரிகிறது.

வாடகைக்கு வீடு கட்டும் ஓனர்களுக்கும், பிளான் போட்டுக் கொடுக்கும் இன்ஜினியர்களுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு விண்ணப்பம். மின்விசிறிக்கு டப்பா வைக்கிற மாதிரியே பிளானில் தொட்டில் கொக்கிக்கும் ஒரு புள்ளி வையுங்கள். மேஸ்திரியிடம் கம்பி கட்டுகிற அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மிஷின் சுற்றி, கலவை மேலே ஏற ஆரம்பித்த பிறகு வந்து சொன்னால் நாங்கள் என்ன செய்ய முடியும்.

இப்படிக்கு,
கட்டட மேஸ்திரி ஒருவன்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.