வடுவூர் ஏரிக்குப் போகுமுன்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் சனிக்கிழமை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை வடுவூர் ஏரிக்கு அழைத்துப் போகிறோம். சென்ற கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒரு தகப்பனார் எழுந்து, "அறுப்பு நேரத்துல, வெளிநாட்டுப் பறவையைப் பாக்க எதுக்கு டீச்சர் ஒரு நாள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் ஞாபகம் வந்தது. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம்.

முதலில் அந்த 'வெளிநாட்டு' என்ற சொல். பெரிதாக எந்தப் பறவை வந்து இறங்கினாலும் "ஆஸ்திரேலியாவுலேர்ந்து வருது" என்று சொல்வது நம் பக்கத்துப் பழக்கம். சின்ன வயதில் கோடியக்கரைப் பூநாரையைக் காட்டி எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் பூநாரையே கிடையாது. இந்தியாவில் அது கூட்டம் கூட்டமாக முட்டையிடும் இடம் குஜராத்தின் கட்ச் பகுதி. நம் வயலில் நத்தை தின்னும் நத்தைகுத்தி நாரையோ முழுக்க நம்மூர்க்காரன். இவற்றை எல்லாம் கழித்தால் மிஞ்சுகிற, சேற்றில் இரை தேடும் உள்ளான், நீலச்சிறகி என்ற சின்ன வாத்து, ஊசிவால் வாத்து போன்றவைதான் நிஜமாகவே தூரத்திலிருந்து வருபவை.

அவற்றுக்கும் வகுப்பில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். கொசு உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான். எடை 20, 30 கிராம். வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியில் ஜூன், ஜூலையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். ஆகஸ்டிலேயே கோடியக்கரைச் சேற்றில் தலைகாட்டத் தொடங்கிவிடும். திரும்பக் கிளம்புவது ஏப்ரல் வாக்கில். அதாவது, பிறந்த ஊரில் இருப்பது இரண்டு மாதம் சொச்சம், இங்கே அதைப்போல மூன்று மடங்கு. உள்ளான் இனங்களில் ஒரு வயது நிரம்பாத இளசுகள் சில, முதல் கோடையில் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. "அப்போ இது நம்ம ஊர்ப் பறவைதானே?" என்று கரும்பலகையில் எழுதி, கெட்டிக்காரத்தனமாக அடிக்கோடும் போட்டேன்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "எங்கப்பா பதினொரு மாசம் சிங்கப்பூர்ல இருக்காரு டீச்சர். அப்போ அவரு சிங்கப்பூர்க்காரரா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. இன்னும் இல்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்து பிள்ளைகளே பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

குளிர் தாங்காமல் ஓடி வருகின்றன என்று பாடப்புத்தகத் தொனியில் நாமே சொல்லிவிடுகிறோம். இறகுப் போர்வை உள்ள வாத்துக்குக் குளிர் பெரிய சங்கதி இல்லை. குளம் உறைந்து, சேறு கல்லாகிவிட்டால் மூக்கை எங்கே நுழைப்பது? பசிதான் அவற்றைக் கிளப்புகிறது. நம் டெல்டாவிலோ அந்த நேரத்தில்தான் தண்ணீரும் சேறும். மேட்டூர் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்து ஏரியை நிரப்பிவிடும். ஊசிவால் வாத்து வாலை மேலே நீட்டி, தலைகீழாகக் கவிழ்ந்து அடிமண்ணைத் துழாவும். தட்டைவாயன் வாத்து அகன்ற அலகால் தண்ணீரைச் சலித்துத் தின்னும். கொசு உள்ளான் கரையோரச் சேற்றில் ஓடி ஓடிக் கொத்தும். தண்ணீரின் ஆழத்துக்குத் தக்கபடி பந்தி வரிசை மாறும். 1999இல் சரணாலயமாகி, 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி அது. மன்னார்குடி போகும் பேருந்தில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு நம் பிள்ளைகளில் பலருக்குச் சரி.

எனக்கே வியப்பான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உள்ளான்களில் பலவற்றில் தாய் தகப்பன் முன்னால் கிளம்பிவிடும். அந்த வருடத்துக் குஞ்சுகள் சில வாரம் கழித்து, வழிகாட்ட ஆளில்லாமல் தாமாகவே வந்து சேரும். 2022இல் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய பட்டைவால் மூக்கான் என்ற கரைப்பறவை ஒன்று, எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியா தீவுக்குப் போனது. அதன் வயது ஐந்து மாதம். (பக்கத்து ஊர் டியூஷனுக்குத் தனியாக அனுப்பப் பயப்படுகிறோமே என்று கேட்கவில்லை. நானும் அந்த ரகம்தான்.)

இனி ஒரு கசப்பான விஷயம். மார்கழியில் ஒரு பையனின் பையிலிருந்து இறந்துபோன சிறகி ஒன்றை எடுத்தோம். யார் என்று எழுதப்போவதில்லை. அவனைத் திட்டவும் இல்லை. பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத்தான் வந்திருப்பான். கண்ணி வைத்துப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது உங்களுக்குத் தெரியும். அதைவிட எனக்குப் பயம் வேறு. நெல்லில் பூச்சிக்கொல்லிக் குருணை மருந்தைக் கலந்து தூவிப் பறவை பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செத்த பறவையின் கறியில் அந்த நஞ்சு இருக்கும், குழம்பில் கொதித்தாலும் போகும் என்று நம்ப முடியாது. யார் கொடுத்தாலும் வாங்கிச் சமைக்காதீர்கள்.

பறவையின் காலில் உலோக வளையம் இருந்தால், அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் அப்படியே எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகள் எங்கே போகின்றன என்று அறிய, பல ஆண்டுகளாகக் கோடியக்கரையில் வளையம் மாட்டி விடுகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் தகவல் அனுப்பிவிடுவோம்.

பேருந்து காலை 6 மணிக்குப் பள்ளி வாசலில் நிற்கும். மதியம் ஒரு மணிக்குள் திரும்பிவிடுவோம், அறுப்பு வேலைக்குப் பாதி நாள் மிச்சம். பனி இருக்கும், காதை மூடத் துண்டு கொடுங்கள். சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். புளிசோறோ இட்லியோ வாழை இலையில் கட்டிக் கொடுத்தால் நல்லது, பாலித்தீன் பை வேண்டாம். உண்டிவில் இருக்கிறதா என்று பேருந்தில் ஏறும்போதே பையைப் பார்ப்போம்.

பள்ளியில் பைனாகுலர் இரண்டுதான் இருக்கிறது, பிள்ளைகள் 64 பேர். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் யாராவது வீட்டில் வாங்கி வைத்திருந்தால், அன்று ஒரு நாள் இரவல் தாருங்கள். சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டுப் புதன்கிழமைக்குள் வகுப்பு ஆசிரியரிடம் சேர்த்துவிடவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை