முதல் கேமரா: மூன்றாம், நான்காம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட நாளன்று பிள்ளைகள் எடுத்த படங்களைப் பள்ளி வராந்தாவில் மாட்டப்போகிறோம் என்று டைரியில் எழுதி அனுப்பியிருந்தோம். அதிலிருந்து வாசலில் பார்க்கிறவர்களெல்லாம் "எந்தக் கேமரா வாங்கலாம் சார்?" என்றுதான் கேட்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன்.

கடைக்குப் போகுமுன் பீரோவைத் திறந்து பாருங்கள். செல்போனில் நல்ல கேமரா வருவதற்கு முன்பு கல்யாணம், சுற்றுலா என்று தூக்கிக்கொண்டு போன கேனனோ நிக்கானோ சோனியோ ஒரு ஓரத்தில் கிடக்கலாம். எட்டு, பத்து மெகாபிக்சல்தானே என்று தள்ளிவிடாதீர்கள். ஏ4 தாள் அளவுக்குப் பிரின்ட் போட அது போதும். பேட்டரி மட்டும் மாற்ற வேண்டியிருக்கலாம். ரொம்பப் பழைய மாடல் என்றால் 2 ஜிபிக்கு மேல் உள்ள மெமரி கார்டை ஏற்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முயல் காது வைத்த பொம்மைக் கேமராக்கள் பெட்டியில் '40 மெகாபிக்சல்' என்று போட்டிருக்கும். நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும், ஒளியைப் படமாக்கும் சென்சார் மிகச் சிறியது. எடுத்த படத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் முகம் கலங்கிப்போகும். பலவற்றில் கேம் வேறு இருக்கிறது. நாலு படம் எடுத்ததும் பிள்ளை கேமுக்குப் போய்விடும். வாங்கத்தான் வேண்டுமென்றால் கடையில் பிள்ளையின் கையிலேயே கொடுத்து அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தி வெகுநேரம் கழித்துப் படம் விழுந்தால் வேண்டாம். அதற்குள் பூனை ஓடிப்போயிருக்கும்.

உடனே படம் வந்து விழும் ஃபிலிம் கேமரா அழகுதான், ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் காசு. இந்த வயதில் நூறு படமாவது வீணாக்க வேண்டும்! பஸ் டிக்கெட் மாதிரித் தாளில் கறுப்பு வெள்ளையாக அச்சடித்துத் தரும் கேமரா என்றால் மலிவு. வெயில் பட்டால் மங்கிவிடும், ஆனாலும் நோட்டில் ஒட்டி விளையாட எனக்குப் பிடித்தது அதுதான்.

1900இல் கோடாக் நிறுவனம் சிறுவர்களையும் மனதில் வைத்து 'பிரவுனி' கேமராவை ஒரு டாலருக்கு விற்றது. வெறும் அட்டைப் பெட்டி, திருகிச் சரிசெய்ய எதுவும் கிடையாது. முதல் கேமராவுக்கு இன்றைக்கும் அந்த எளிமை போதும்.

அப்புறம், வாரைக் கழுத்தில் மாட்டாமல் மணிக்கட்டில் மாட்டிவிடுங்கள். யாரையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள். "பாட்டி தலை பாதி வெட்டுப்பட்டிருக்கே" என்று மட்டும் திருத்த வேண்டாம். பிள்ளைகள் உயரத்திலிருந்து உலகம் அப்படித்தான் தெரிகிறது. மின்விசிறியையும் செருப்பையும் எடுத்திருந்தாலும் அழிக்காதீர்கள்.

கேமராவைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். பிள்ளையே தேர்ந்தெடுத்த இரண்டு படங்களை ஆகஸ்ட் 12க்குள் பென்டிரைவில் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். நீங்கள் எடுத்ததை அனுப்பாதீர்கள். பார்த்தாலே தெரிந்துவிடும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்