அந்த 99-ஐப் பற்றி

அன்பு மகளுக்கு,

யார் கடனைக் கட்டாமல் போவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல நீ செய்த கம்ப்யூட்டர் மாடல் நூற்றுக்கு 99 சரியாகச் சொல்கிறதாமே. நேற்று போனில் "அப்பா, 99 வந்திருக்குப்பா!" என்று நீ குதித்தபோது அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. சபாஷ் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கம்தான் வரவில்லை. கடன் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு 99 என்ற எண்ணைக் கேட்டாலே லேசாக வயிற்றைக் கலக்கும்.

ஆயிரம் பேரில் முப்பது பேர்தான் கடனைக் கட்டவில்லை என்றாயே. அப்படியானால் "எல்லாரும் கட்டிவிடுவார்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவனுக்கே 97 கிடைத்துவிடும். மாடலும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். ஆக, உன் உழைப்பு என்பது மேலே இருக்கும் அந்த இரண்டுதான். அந்த இரண்டு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

எந்தத் தகவல் அதிகம் உதவியது என்று கேட்டதற்கு, "நினைவூட்டல் கடிதங்களின் எண்ணிக்கை" என்றாய். அந்தக் கடிதங்களை எழுதியவன் நான், அம்மா. அவற்றை எப்போது எழுதுவோம் தெரியுமா? தவணை ஒன்று தவறிய பிறகு. முதல் கடிதத்துக்கு நீலத்தாள், இரண்டாவதற்கு மஞ்சள், மூன்றாவதற்குப் பதிவுத் தபால். மூன்றாவது போய்விட்டால் அந்தக் கோப்பை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுவோம். கடன் கேட்டு ஒருவர் எதிரே வந்து உட்காரும் நாளில் அந்த எண்ணிக்கை எல்லாருக்கும் பூஜ்யம்தான். உன் மாடல் வராக்கடனை முன்கூட்டியே கண்டுபிடிக்கவில்லை. கெட்டுப்போனதைப் பார்த்துவிட்டு, கெட்டுப்போகும் என்கிறது. இது உன் தப்பு இல்லை. அட்டவணையில் எல்லாப் பத்தியும் ஒரே மாதிரிதான் தெரியும். எது எந்த நாளில் நிரம்பியது என்று அதில் எழுதியிருக்காது. நிரப்பியவர்களிடம் போய்த்தான் கேட்க வேண்டும்.

இந்த வகைப்படுத்தும் கணக்கெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். 1936-இல் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் 150 ஐரிஸ் பூக்களின் புல்லிதழ், அல்லிதழ் நீள அகலங்களை வைத்து எது எந்த இனம் என்று பிரித்துக் காட்டினார். ஐந்தே வருடத்தில், 1941-இல், டுராண்ட் என்பவர் அதே முறையைத் தவணைக் கடனுக்குக் கொண்டுவந்துவிட்டார். பூவை இனம் மாற்றிச் சொன்னால் பூவுக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் வேலையில் அப்படி இல்லை.

சரி, கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று பிரிக்கும் கோட்டை எங்கே போட்டாய்? கட்டாமல் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி ஆகிற இடத்தில் என்றாய், மென்பொருள் தானாகப் போட்டது என்றும் சொன்னாய். ஒரு கணக்குப் போடு. நல்லவர் ஒருவருக்குக் கொடுத்தால் நமக்கு 5 மிஞ்சுகிறது. கெட்டவருக்குக் கொடுத்தால் 50 போகிறது என்று வைத்துக்கொள். கட்டாமல் போக நூற்றுக்கு 40 வாய்ப்பு இருக்கிற நூறு பேரை உன் கோடு உள்ளே விட்டுவிடும். அறுபது பேரால் 300 வரும், நாற்பது பேரால் 2000 போகும். இந்த 5-க்கும் 50-க்கும் சரியான கோடு 55-இல் 5, அதாவது பதினொன்றில் ஒரு பங்கு, நூற்றுக்கு 9-ஐ ஒட்டி. அந்த 5-ம் 50-ம் எந்த மென்பொருளுக்கும் தெரியாது. உன் மேலாளருக்குத் தெரியும். அவரிடம் கேட்டாயா? கோட்டை அங்கே இறக்கினால் உன் 99 குறையத்தான் செய்யும். குறையட்டும்.

எனக்குப் பிடித்த ஆள் ஆல்ட்மன், நிறுவனம் திவாலாகுமா என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்த்தவர். 1968-இல் 66 நிறுவனங்களை எடுத்து, அதில் பாதி திவாலானவை, அவற்றின் வரவுசெலவுக் கணக்கிலிருந்து ஐந்து விகிதங்களை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை வைத்துக் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்கினார். 1.81-க்குக் கீழே என்றால் ஆபத்து, 2.99-க்கு மேலே என்றால் பயமில்லை. நடுவில் வருவதை அவர் எந்தப் பக்கமும் தள்ளவில்லை, தெரியவில்லை என்று விட்டுவைத்தார். திவாலுக்கு ஒரு வருடம் முன்னால் இருந்த கணக்கில் 95 விழுக்காடு சரியாகச் சொன்ன அதே சூத்திரம், இரண்டு வருடம் முன்னால் போனதும் 83-க்கு வந்தது. நீயும் நடுவில் ஓர் இடம் விட்டு வை. அந்தக் கோப்புகளை மனுஷன் யாராவது திறந்து பார்க்கட்டும்.

இன்னொன்று. அச்சகம் நடத்திய ஒருவர் என்னிடம் கடன் கேட்டு வந்தார். மூன்று வருடத்தில் நாலு முகவரி. சிவப்புப் பென்சிலால் "நிலையற்றவர்" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். பிறகு வேறொரு இடத்தில் வாங்கி ஒரு தவணை பிசகாமல் கட்டி முடித்தார் என்று தற்செயலாகக் கேள்விப்பட்டேன். வாடகை ஏற ஏற இடம் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். கொடுத்துக் கெட்ட கடன் ஒவ்வொன்றுக்கும் மேலிடத்துக்கு விளக்கம் எழுதியிருக்கிறேன். இதற்கு ஒருவரும் கேட்கவில்லை, எந்தப் பதிவேட்டிலும் இது தப்பாக ஏறவும் இல்லை. உன் ஆயிரம் பேரும் என் மாதிரி ஆட்கள் உள்ளே விட்டவர்கள். அந்த அச்சகக்காரர் அதில் இல்லை. உன் மாடல் அவரைப் பார்த்ததே கிடையாது, ஆனால் அவர் மாதிரி ஒருவர் நாளை விண்ணப்பிப்பார். இதற்கு முழு மருந்து எனக்குத் தெரியாது. சந்தேகத்துக்குரியவர்களில் சிலருக்குச் சிறு தொகை கொடுத்துப் பார்க்கச் சொல்லி ஒரு முறை எழுதிக் கொடுத்தேன். கோப்பு திரும்பி வரவே இல்லை.

நினைவூட்டல் பத்தியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார். விழுக்காடு வேண்டாம், நாலு கட்டம் போட்டு, எத்தனை நல்லவரை மறுத்தாய், எத்தனை கெட்டவரை விட்டாய் என்று எண்ணாகவே அனுப்பு. கண்ணாடி மாற்றியிருக்கிறேன், கொஞ்சம் பெரிதாக எழுது.

அன்புடன்,
அப்பா