ஒரு ஓட்டு

கென்ட், வாஷிங்டன்
26.1.2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போனில் பேசினால் நான் கத்துவதிலும் நீங்கள் "ஆங்? ஆங்?" என்பதிலுமே அரை மணி நேரம் போய்விடுகிறது. நாற்பது வருஷப் பட்டறைச் சத்தம் உங்கள் காதைத் தின்றுவிட்டது. அதனால் கடிதம்தான் நமக்குச் சரி. எழுத்தைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன்.

இங்கே மழைதான். நம் ஊர் மாதிரி கொட்டித் தீர்க்காது. ஈரத்துணியை உதறினது போல நாளெல்லாம் தூறல், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. வேலை பரவாயில்லை. விமானத்துக்குப் போகிற டைட்டானியம் ஜாப், ஒன்றில் பிசிறு தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கணபதியில் நம் பட்டறையில் உங்களிடம் வாங்கிய திட்டுக்கு இங்கே சம்பளம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பட்டறையில் மெஷின் ஓடியதைவிட வாய் ஓடியதுதான் அதிகம். பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு யார் யார் என்று செவ்வாய்க்கிழமை முடிவு சொன்னார்கள். நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்று ஒரு சின்ன ஊர். ஓய்வு பெற்ற பெரிய ஆட்டக்காரர்களின் முகத்தை வெண்கலத்தில் வார்த்து அங்கே சுவரில் பதித்து வைக்கிறார்கள், 1936-இல் பேப் ரூத் காலத்திலிருந்து தேர்தல் நடக்கிறது. ஓட்டுப் போடுவது பேஸ்பால் பத்திரிகையாளர்கள், அதுவும் சங்கத்தில் பத்து வருஷம் இருந்தவர்கள். ஒரு தாளில் 10 பெயருக்கு மேல் டிக் போடக் கூடாது. 75 சதவீதம் கிடைத்தால் உள்ளே. 5 சதவீதம்கூட இல்லையென்றால் அடுத்த வருஷத் தாளில் பெயரே இருக்காது.

சாப்பாட்டு அறையில் நாங்களும் ஒரு தேர்தல் வைத்தோம். பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பெயர்களை எழுதினார்கள். எனக்கு ஓட்டு இல்லையாம். "பத்து வருஷ சர்வீஸ் வேணும், நீ வந்து மூணு வருஷம்தானே ஆச்சு" என்றார் பக்கத்து மெஷின் பெரியவர். அறுபத்தெட்டு வயது, இன்னும் மைக்ரோமீட்டரைக் காதருகே வைத்துத் திருகுகிற ஆள். என்னை ஓட்டு எண்ண வைத்தார்கள்.

முதலில் இச்சிரோ சுசுகி. ஜப்பானில் ஒன்பது வருஷம் ஆடிவிட்டு 27 வயதில் இந்த ஊர் அணியான சியாட்டில் மரினர்ஸுக்கு வந்தவர். ஒல்லியாக இருக்கிறாரே, இங்கே இருப்பவர்கள் போடுகிற வேகத்தில் என்ன அடிப்பார் என்று பேசினார்களாம். 2001-இல், முதல் வருஷமே, 242 ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் ஓடிச் சேர்ந்தது அத்தனை தடவை. அதிலிருந்து பத்து வருஷம் வரிசையாக வருஷத்துக்கு 200-க்குக் குறையவில்லை. இங்கே 3,089, ஜப்பானில் 1,278. எங்கள் அட்டையில் 12-க்கு 12 வாங்கினார். பத்திரிகையாளர்கள் 394 பேரில் 393 பேர் போட்டார்கள். போடாத அந்த ஒருவர் யார் என்று நாடே தேடுகிறது. இச்சிரோவோ, அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுக்க ஆசை என்று சொல்லிச் சிரித்துவிட்டார்.

போன கோடையில் கென்டிலிருந்து ரயில் ஏறி மேட்ச் பார்க்கப் போனேன். சீக்கிரமே போய்விட்டதால் மைதானம் காலி. புல்வெளி ஓரத்தில் ஒருவர் சீருடையோடு வளைந்து நெளிந்து உடம்பைத் தளர்த்திக்கொண்டிருந்தார், அப்புறம் எல்லைக்கோட்டிலிருந்து பந்தை வீச ஆரம்பித்தார். ஆட்டத்தை விட்டு ஐந்து வருஷம் ஆகியும், 50 வயதிலும், மேட்சுக்கு முன்னால் இச்சிரோ அதே பயிற்சியைச் செய்கிறார். தன் மட்டைகளை ஈரம் ஏறாத பெட்டியில் வைத்துத்தான் எடுத்துப் போவாராம், கையுறையைத் தானே எண்ணெய் போட்டுத் துடைப்பாராம். அளவு பார்க்கிற வெர்னியரை மஞ்சள் துணியில் சுற்றி மேல் டிராயரில் வைப்பீர்களே, அதுதான் ஞாபகம் வந்தது.

சண்டை வந்தது ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸால். பிட்சர், அதாவது பந்து போடுகிறவர். 2005 முதல் 2019 வரை இந்த ஒரே அணி. ஒரு பெரிய தொடர்கூட அவருக்கு வாய்க்கவில்லை, ஏனென்றால் 2002-லிருந்து 2021 வரை மரினர்ஸ் அடுத்த சுற்றுக்கே போகவில்லை. 2010-இல் மரினர்ஸ் ஆடுகிற லீகின் சிறந்த பிட்சர் விருது அவருக்கு. அந்த வருஷம் அவர் கணக்கில் 13 வெற்றி, 12 தோல்வி. அவர் போட்டு வைத்ததை அடித்துக் காப்பாற்ற ஆள் இல்லை. பெரியவர் வீட்டில் இன்னும் ஃபெலிக்ஸ் ரசிகர்களின் மஞ்சள் பனியன் இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 15 அன்று டாம்பா அணிக்கு எதிராக, மட்டை பிடிக்க வந்த 27 பேரையும் வரிசையாக ஒருவரைக்கூட ஓடவிடாமல் வெளியே அனுப்பினாரே, அன்று மைதானத்தில் இருந்தாராம். அவரே சொல்கிறார்: "169 வெற்றிக்கு வெண்கலம் கிடையாது. மனசு வேற, கணக்கு வேற." எங்கள் பட்டறை வியட்நாம்காரப் பையன் விடவில்லை. வெற்றி தோல்வி அணியுடையது, பந்து மட்டும்தான் அவருடையது என்று கத்தினான்.

எனக்கு நம் தமிழ்நாட்டு ஸ்பின்னர் வி.வி. குமார் ஞாபகம். முதல்தர கிரிக்கெட்டில் 599 விக்கெட் எடுத்தவருக்கு இரண்டே டெஸ்ட்தானா என்று ரேடியோவை அணைத்துவிட்டு எத்தனை முறை புலம்பியிருப்பீர்கள்! நான் பையன் பக்கம்தான். ஆனால் ஃபெலிக்ஸ் 8 ஓட்டில் நின்றார், 9 வேண்டும். என் ஓட்டைச் சேர்த்தாலும் 13-க்கு 9, அப்போதும் தேறாது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். நிஜத் தேர்தலில் 20.6 சதவீதம்தான். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. எட்கர் மார்ட்டினெஸ் என்று இந்த ஊர்க்காரர் ஒருவர், பெரும்பாலும் மட்டை மட்டும் பிடித்தவர், ஃபீல்டிங் செய்யாதவனுக்கு எதற்கு இடம் என்று தள்ளிவைத்தார்கள். 2014-இல் 25 சதவீதம். கடைசி வாய்ப்பான பத்தாவது வருஷம், 2019-இல், 85 சதவீதத்தோடு உள்ளே போனார். மைதானத்தை ஒட்டிய தெருவுக்கே அவர் பெயர்.

அப்புறம் அலெக்ஸ் ரோட்ரிகஸ். 696 ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. ஊக்கமருந்து விவகாரத்தில் 2014 முழுக்க ஆட விடாமல் உட்கார வைத்தார்கள். மருந்து போட்டவனுக்கு ஓட்டு இல்லை என்றார் பெரியவர். 762 ஹோம் ரன் அடித்த பாரி பாண்ட்ஸுக்கே 2022-இல், பத்தாவது வருஷத்தில், 66 சதவீதத்தோடு கதவைச் சாத்தினார்களே என்றார். நியாயம்தான் என்று நானும் தலையாட்டினேன். ஆனால் பேசப் பேசத்தான் தெரிந்தது, கோபம் மருந்தின் மேல் இல்லை. சியாட்டில் வளர்த்த பிள்ளை ரோட்ரிகஸ். 2000 முடிந்ததும் பத்து வருஷத்துக்கு 252 மில்லியன் டாலர் என்றதும் டெக்சாஸுக்குப் போய்விட்டார். அடுத்த வருஷம் எதிரணியாக வந்தபோது பொம்மைப் பண நோட்டுகளை அவர்மேல் வீசியிருக்கிறார்கள். அந்த வருஷம்தான் இச்சிரோ வந்தார், ரோட்ரிகஸ் இல்லாமலேயே அணி 116 மேட்ச் ஜெயித்தது. பெரியவர் இருபத்து நாலு வருஷமாக அந்த 116-ஐச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

"கென் கிரிஃபியும்தானே போனார்?" என்று கேட்டேன். அவரும் இந்த ஊர்ச் செல்லப்பிள்ளை, ரோட்ரிகஸுக்கு ஒரு வருஷம் முன்னால் சின்சினாட்டிக்குப் போனவர். 2016-இல் 99.3 சதவீதம். பெரியவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, "அவன் அவங்கப்பா ஆடின ஊருக்குப் போனான். அது வேற" என்றார்.

அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. நான் கிளம்பின அன்று நீங்கள் லேத் சக்கில் ஜாப் ஓட விட்டிருந்தீர்கள். திரும்பாமலே "சாப்பிட்டுப் போ" என்றீர்கள். அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து, லேத்தை யாரோ விலைக்குக் கேட்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். நீங்கள் சொல்லவில்லை. அதை விற்றீர்களா இல்லையா என்று இதுவரை நானும் கேட்கவில்லை.

ரோட்ரிகஸுக்கு எங்கள் அட்டையில் மூன்று ஓட்டு.

எண்ணி முடித்ததும் பெரியவர் கேட்டார், "உங்கப்பாவுக்கு எத்தனை வருஷ சர்வீஸ்?" நாற்பது என்றேன். "அப்படீன்னா அவருக்கு ஓட்டு இருக்கு" என்று சொல்லி அட்டையில் பதிமூன்றாவதாக ஒரு கோடு போட்டுக் காலியாக விட்டிருக்கிறார். பெயர்களைத் தனித்தாளில் தமிழில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் டிக் போட்டு அனுப்புங்கள். ஃபெலிக்ஸுக்குப் போடுவீர்கள் என்று தெரியும். ரோட்ரிகஸ் பெயர் கடைசியில் இருக்கிறது.

அம்மாவுக்கு முழங்கால் தைலம் பார்சலில் வருகிறது, இரவில் மட்டும் தடவச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்