போனை எடுக்காதவன் எழுதுவது

பெங்களூரு
மே 14

அன்புள்ள சுந்தரா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருப்பாய். நாலு மாதமாகப் போனை எடுக்காதவன் இப்போது பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுகிறானே, பணம் கேட்கப் போகிறானோ என்று சரோஜாவிடம் சொல்லியும் இருப்பாய். திட்டிக்கொள். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. ஒரு காரணம் இருக்கிறது. அதை முதல் பக்கத்திலேயே எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் கிணற்றில் ஆரம்பிக்கிறேன்.

இங்கே எல்லாரும் நலம். பெண் ஹைதராபாத்திலேயே இருக்கிறாள். பேரனுக்கு மேல் பல் இரண்டு வந்துவிட்டது, கையில் கிடைத்த ரிமோட்டையெல்லாம் கடிக்கிறான். கோமதிக்கு முட்டிவலி, வழக்கம் போல. எங்கள் நாய் வார்டன் நலம். நம் ஹாஸ்டல் பழையவரைப் போலவே ராத்திரி பத்து மணிக்கு வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்து, ஒவ்வொரு ஜன்னலாக மோந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கிறான். நம்மிடம் பிடிக்க அவனுக்குச் சீட்டுக்கட்டு எதுவும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கிணறு. ஆமாம், கொல்லைப்புறத்தில் கிணறு வெட்டிவிட்டேன். சிரிக்காதே. 2024 கோடையில் நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும். எங்கள் போர்வெல் வெறும் காற்றைத் துப்பியது. குடிநீரில் காரைக் கழுவினாலோ செடிக்கு ஊற்றினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். டேங்கர்காரனுக்கு நான் பேசிய குழைவில் பாதி கோமதியிடம் பேசியிருந்தால் என் குடும்ப வாழ்க்கை எங்கேயோ போயிருக்கும். குழாயில் வரும் காவேரியோ தொரெக்காடனஹள்ளியிலிருந்து நூறு கிலோமீட்டர், மூன்று கட்டமாகப் பம்ப் செய்து மேடேறி வருகிறது. அந்த ஒரு வாளியைப் பிடித்துத் துளசிக்கு ஊற்றும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும்.

அப்போதுதான் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். (கணக்கில் நான் உன்னைக் காப்பியடித்தவன்தான், இருந்தாலும் இது தப்பவில்லை.) மொட்டை மாடி 1,000 சதுர அடி. இந்த ஊரில் வருஷத்துக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை. பெருக்கினால் ஏறக்குறைய 90,000 லிட்டர்! ஆறாயிரம் லிட்டர் டேங்கரில் பதினைந்து லோடு. இத்தனை வருஷமாக அதைக் குழாய் வைத்து நேராகச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, டேங்கர் வாசலுக்கு வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

வெட்டியவர்கள் மண்ணு வட்டர்கள். பரம்பரையாகக் கிணறு தோண்டுகிறவர்கள். எங்களிடம் கன்னடம், தங்களுக்குள் தெலுங்கு, வார்டனிடம் ஏதோ ஒரு மூன்றாவது பாஷை. ஒருவர் குழிக்குள் இறங்கிக் குட்டைக் கடப்பாரையால் குத்துவார், மேலே இருவர் கயிற்றில் வாளி கட்டி மண்ணை இழுப்பார்கள். இயந்திரம் ஒன்றும் கிடையாது. மேலே கொஞ்சம் செம்மண், அப்புறம் கெட்டி மொரம்பு. மூன்றடி அகலம், இருபதடி ஆழம். மூன்றாம் நாள் மத்தியானம் குழிக்குள் இருந்தவர் ஒரு பிடி மண்ணை மேலே அனுப்பி என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சில்லென்று இருந்தது. ஊற்று இல்லை, வெறும் ஈரம்தான். அதற்கே நான் எல்லாருக்கும் இன்னொரு டீ வாங்கிவரச் சொல்லிவிட்டேன்.

பிறகு சிமெண்ட் உறை வளையங்களை இறக்கினார்கள். அடியில் சிமெண்ட் பூசவே கூடாது, மண் திறந்தே இருக்க வேண்டும். தண்ணீரைச் சேர்த்து வைப்பது இதன் வேலை இல்லை, பூமிக்குள் விடுவதுதான் வேலை. உறைக்கும் மண்ணுக்கும் நடுவே ஜல்லி. மாடித் தண்ணீர் கூழாங்கல், கரி, மணல் போட்ட தொட்டியில் வடிந்து உள்ளே விழுகிறது. நிறைந்தால் நாலாயிரம் லிட்டர் நிற்கும், ஓரிரு நாளில் உறிஞ்சிக்கொள்ளும். இதனால் நாளைக்கே போர்வெல் பொங்கிவிடும் என்று நினைக்காதே. அது நானூறு அடிக்குக் கீழே கிடக்கிற விஷயம். மேல்மட்டத்து ஈரம் மெல்ல ஏறும், அவ்வளவுதான். கீழடியில் சுடுமண் உறைகிணறு கிடைத்தபோது பேப்பரைக் கத்தரித்து அனுப்பியிருந்தாயே, அதே தொழில்நுட்பம்தான். நமக்கு 35,000 ரூபாய் ஆயிற்று.

இருபது உறை வந்து இறங்கியதில் ஒன்றை வார்டன் எடுத்துக்கொண்டான். வந்த அன்று ராத்திரியே அதற்குள் சுருண்டு படுத்தவன், காலையில் தூக்க வந்தவர்களைப் பார்த்து உறுமினான். வெட்டியவர்களில் பெரியவர் பார்த்தார். "இருக்கட்டும், நாய்க்கு ஒன்று" என்று பத்தொன்பதோடு முடித்துவிட்டு மேலே செங்கல் கட்டினார். இப்போது மருதாணிச் செடிக்குக் கீழே அது அவனுடைய அலுவலகம்.

போன வாரம் ராத்திரி ஒரு கோடை மழை. சரியான அடி. விழித்துப் பார்த்தேன், கொல்லைப்புறத்திலிருந்து தொம், தொம் என்று சத்தம். இருபதடி கீழே தண்ணீர் விழுகிறது! கோமதியை எழுப்பினேன். "கேட்குதா?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை விசித்திரமாக இருந்தது. "உங்களுக்குக் கேட்குதா?" என்றாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஏப்ரலில் ராமநவமிக் கச்சேரிக்குப் போனோம், கோட்டை ஹைஸ்கூல் மைதானத்துக்கு. கல்யாணமான புதிதில் நீயும் சரோஜாவும் வந்திருந்தபோது போனோமே, நீ கோசம்பரியை மூன்று தொன்னை வாங்கி மாட்டிக்கொண்ட இடம். ராமசேவா மண்டலி 1939இல் தொடங்கியது, நம்மைவிட மூத்த பந்தல். இப்போது போவது சுலபம். இந்திராநகரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, மார்க்கெட்டில் இறங்கினால் நடக்கிற தூரம். மல்லிகையும் கொத்தமல்லியும் அழுகலும் கலந்த அந்த வாசனையைத் தாண்டித்தான் சங்கீதத்துக்குள் போக வேண்டும். அது மாறவில்லை.

கரகரப்பிரியா. பெரிய ஆலாபனை முடிந்து கீர்த்தனை. பாட்டு ஏதோ தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. வயலின் கம்பளி போர்த்திக்கொண்டு வாசிக்கிற மாதிரி இருந்தது. தம்புரா இருக்கிறது, அதன் ரீங்காரமான ஜீவா இல்லை. கஞ்சிராவில் தோல் மட்டும் பேசுகிறது, சலங்கை பேசவே இல்லை. மிருதங்கத்தின் கனத்த பக்கமான தொப்பி மட்டும் கும்மென்று நெஞ்சில் விழுகிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோமதி பக்கம் திரும்பி, "மைக் வைத்தவன் யார்? வயலினையே கொன்றுவிட்டான்" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். முன் வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் தனி ஆவர்த்தனம் கூடத் தொடங்கியிருக்கவில்லை, வயலின்காரர் மேல் ஸ்தாயியில் ஒற்றை இழையாக நின்றுகொண்டிருந்தாராம். பக்கத்திலிருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதுவும் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது, மைக்கில் ஒரு கோளாறும் இல்லை என்று.

அடுத்த வாரமே கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் நன்றாக எழுதியதாக நினைத்த பரீட்சைதான் எப்போதும் ஊத்திக்கொள்ளும், உனக்குத் தெரியாததா. காகிதத்தில் கோடு சமமாகப் போகிறது, 2,000 ஹெர்ட்ஸ் தாண்டியதும் மாடிப்படி மாதிரி இறங்குகிறது, 4,000இல் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததுமே டாக்டர் "என்ன வேலையில் இருந்தீர்கள்?" என்றார். எஞ்சின் டெஸ்ட் ஷெட்டில் 31 வருஷம் என்றேன். தலையை ஆட்டினார். இரைச்சல் முதலில் தின்பது அந்த இடத்தைத்தானாம். மேல் சுருதி ஒலிகள் முதலில் போகும், கனத்த ஒலிகள் கடைசிவரை நிற்கும். அதனால்தான் மிருதங்கம் இருந்தது, கிணறு இருந்தது. குக்கர் விசில், தேன்சிட்டு, போன் மணி எல்லாம் எப்போது போயினவென்று எனக்கே தெரியாது. பேச்சில் ச, த, ப, க எல்லாம் தேய்ந்து உயிரெழுத்துகள் மட்டும் வந்து சேர்கின்றன. மிச்சத்தை மூளை இட்டு நிரப்பிக்கொள்கிறது. போனில் இன்னும் மோசம், அங்கே உதடும் தெரியாது.

ஒரு வாரம் இரவல் காது மிஷின் கொடுத்தார்கள். விலையைக் கேட்டால் இருக்கிற காதும் அடைத்துப்போகும். மாட்டிய முதல் நாள் பேப்பரை மடித்தால் தகரக்கூரையில் நடக்கிற மாதிரி இருந்தது, நான் முறுக்கு தின்னும் சத்தத்தில் எனக்கே பயம் வந்தது. அதில் இன்னொரு கூத்து. மிஷின் பேச்சுக்காகச் செய்தது. ஸ்வரம் நீளமாக நின்றால் அது தன்னுடைய சொந்த விசில்தான் என்று நினைத்து அமுக்கப் பார்க்கிறது! சங்கீதத்துக்குத் தனி அமைப்பு போட வேண்டுமாம். போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார் மிஷின் பொருத்துகிற பெண். பார்ப்போம்.

இனி ஜனவரி விஷயம்.

பொங்கலுக்கு மறுவாரம் நீ போன் செய்தாய். உன் பெரியண்ணன் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று முன்பே சொல்லியிருந்தாய். நீ "அண்ணன் தவறிட்டார்டா" என்றாய். என் காதில் "தேறிட்டார்டா" என்று விழுந்தது. நான் அதற்காகத்தான் காத்திருந்தேன், சுந்தரா. அதனால் அதுதான் விழுந்தது. நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "அப்பாடா! நல்ல காலம்டா. முதலில் ஸ்வீட் கொடு." அதோடு சிரித்தேன் வேறு. நீ ஏதோ சொன்னாய். நான் "ஆமாம், ஆமாம்" என்றேன். நீ வைத்துவிட்டாய்.

பிறகு இரண்டு தடவை கூப்பிட்டாய். அந்தச் சமயத்தில் நான் யார் போனையும் எடுப்பதில்லை. பாதி புரியாமல் ஆமாம் போட்டு அலுத்துவிட்டது, வெளியே சொல்ல வெட்கம். அப்புறம் நீ நிறுத்திவிட்டாய். கிழவனுக்கு என்ன கோபமோ என்று நானும் விட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை வடுமாங்காய் பற்றிக் கேட்கக் கோமதி சரோஜாவைக் கூப்பிட்டாள். பேசி முடித்ததும் வந்து என் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகச் சொன்னாள்.

மூன்றாம் வருஷம் மெஸ் பில் கட்ட முடியாமல் என்னை ஹாஸ்டலை விட்டு அனுப்ப இருந்தபோது, உன் பில்லோடு என் பில்லையும் கட்டிவிட்டுப் போனவர். "இரண்டு தம்பி படிக்கிறாங்கன்னு நினைச்சுக்கறேன்" என்றார். காரியத்துக்கு நான் வரவில்லை. நீ பந்தலில் நின்றுகொண்டு, ரகு வருவான் என்று யாரிடமாவது சொல்லியிருப்பாயோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

மன்னிப்பு கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தேன், அந்த வார்த்தை நம் இருவருக்கும் நடுவே கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்து உட்காருகிறது. அடித்துவிட்டேன்.

அண்ணிக்குத் தனியாக எழுத வேண்டும். அதே மேலவீதி வீடுதானே? இல்லை, எழுத வேண்டாம், நேரில் வருகிறேன். வரும் 23ஆம் தேதி ரயிலில் கோமதிக்கும் எனக்கும் டிக்கெட் போட்டிருக்கிறேன். திருச்சியில் இறங்கி உன்னையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போகலாம் என்று எண்ணம். நீ வரமாட்டேன் என்றால் நான் மட்டும் போகிறேன், அதுவும் நியாயம்தான்.

பதிலைப் போனில் சொல்லாதே. ஒரு கார்டு போடு, கையெழுத்து பெரிதாக இருக்கட்டும். கண்ணாவது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
ரகு

பி.கு.: வார்டனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம். உறையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் சாப்பிட மாட்டான். ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.