ஓட்டத்தைக் குறை சொல்வதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் வீராங்கனை தன் முதல் முழுத் தூர ட்ரையத்லானை முடித்துவிட்டார் என்ற செய்தியோடு, அடுத்த பந்தயத்துக்காக அவருக்கு நீ எழுதியிருக்கும் புதிய பயிற்சித் திட்டத்தையும் அனுப்பியிருந்தாய். முதலில் இருவருக்கும் என் வாழ்த்துகள். ஓட்டத்தின் பாதியைத் தாண்டியதும் அவர் நடக்கத் தொடங்கிவிட்டார் என்பதால் வாரத்துக்கு இரண்டு ஓட்டப் பயிற்சிகளைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறாய். திட்டம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் நோய் இன்னதென்று தெரிவதற்குள் மருந்து எழுதியாகிவிட்டது. 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிளில் சென்று, அதன் பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டிய ஒருவர் எந்தக் கட்டத்தில் தவறியிருந்தாலும், அது கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான். ஆகவே ஓட்டம் கெட்டது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டப் பயிற்சி போதவில்லை என்ற முடிவுக்கு வருவதை நான் ஏற்பதில்லை.

நான் பயிற்சி அளித்தவர்களின் பந்தயங்களைத் திரும்பப் பார்க்கும்போது, ஓட்டத்தில் சரிந்தவர்களில் மிகப் பலர் சைக்கிளின் முதல் ஒரு மணி நேரத்திலேயே அதற்கு வித்திட்டிருந்தார்கள். அதில் வியப்பில்லை. பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் பயிற்சியைக் குறைத்திருப்பதால் கால்கள் புத்துணர்வோடு இருக்கின்றன. தண்ணீரிலிருந்து வெளியே வந்த பரபரப்பு இன்னும் அடங்கியிருப்பதில்லை. நீச்சலில் வேகமாக வந்த பலவீனமான சைக்கிள்காரர்களை ஒவ்வொருவராகக் கடந்து செல்கிற மகிழ்ச்சி வேறு. அந்த நேரத்தில் 200 வாட் என்பது 170 வாட் போலத் தோன்றும். உடல் தருகிற அந்தச் சான்றை நம்பக்கூடாது என்று பந்தயத்துக்கு முன் எத்தனை முறை சொன்னாலும் போதாது.

எனவே மிதிக்கும் ஆற்றலை வாட்டில் அளக்கும் அவருடைய பவர் மீட்டரின் பதிவைத் திறந்ததும் சராசரியைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதே. முழுத் தூரத்தில் ஏஜ் குரூப் வீரர்கள், அதாவது வயதுப் பிரிவில் போட்டியிடும் தொழில்முறை அல்லாதவர்கள், பெரும்பாலும் தங்கள் எஃப்டிபியில் (ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க முடிகிற உச்ச வாட் அளவில்) 65 முதல் 75 விழுக்காட்டுக்குள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அவருடைய சராசரியும் அதற்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பார்க்க வேண்டியது அந்தச் சராசரி எப்படிக் கிடைத்தது என்பதை. என்னிடம் பயிற்சி பெற்ற ஒருவர், வலுவான சைக்கிள்காரர், திட்டமிட்ட சராசரியை ஏறக்குறைய அப்படியே எட்டிவிட்டு ஓட்டத்தில் உடைந்துபோனார். பதிவை நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு ஏற்றத்திலும் எஃப்டிபிக்கு மேலே போயிருந்ததும், ஒவ்வொரு இறக்கத்திலும் மிதிக்காமல் உருண்டு வந்திருந்ததும் தெரிந்தது. இறக்கத்தில் எடுத்த ஓய்வு எண்ணைச் சமன் செய்ததே தவிர, ஏற்றத்தில் செலவான கிளைக்கோஜனை, அதாவது உடலில் சேமித்திருந்த சர்க்கரையை, திருப்பித் தரவில்லை. ஆற்றலின் ஏற்ற இறக்கங்களையும் சேர்த்துக் கணக்கிடும் நார்மலைஸ்டு பவருக்கும் சராசரிக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்த்தாலே இதில் பாதி தெரிந்துவிடும்.

கூடுதலாக மிதிப்பதால் கிடைப்பது எவ்வளவு என்பதையும் அவருக்குக் கணக்குப் போட்டே காட்டு. சமதளத்தில் சைக்கிள்காரரின் பெரும் எதிரி காற்று. வேகம் கூடக்கூட அதற்கு வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் மும்மடியில் கூடுகிறது. எனவே 5 விழுக்காடு கூடுதல் ஆற்றலைக் கொட்டினால் வேகம் 2 விழுக்காடுகூட ஏறாது. ஆறு மணி நேரச் சைக்கிளில் அது ஐந்தாறு நிமிடச் சேமிப்பு. அதன் விலையாக ஓட்டத்தில் 10 கிலோமீட்டர் நடக்க நேர்ந்தால், ஆறு நிமிடத்தில் முடிய வேண்டிய ஒவ்வொரு கிலோமீட்டரும் பத்து நிமிடமாகி, 40 நிமிடம் கையை விட்டுப் போகிறது. நிதானமாகப் போ என்ற அறிவுரையை வீரர்கள் கோழைத்தனமாக எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கணக்கை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கு உச்ச நிலையில் ஓர் உதாரணம் வேண்டுமென்றால் 2024 இல் ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் உலக சாம்பியன்ஷிப் பந்தயத்தைப் பார். சாம் லெய்ட்லோ 180 கிலோமீட்டரை 3:57:22 என்ற நேரத்தில் முடித்து அந்தத் தடத்தின் சைக்கிள் சாதனையை முறியடித்தார். பிறகு ஓட்டத்தில் சரிந்து 18 ஆவது இடத்துக்குப் போனார். பின்னாலிருந்து வந்த பட்ரிக் லாங்கே 2:37:34 என்ற நேரத்தில் மாரத்தானை ஓடி, 7:35:53 என்ற தடச் சாதனையோடு வென்றார். ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. இதே லெய்ட்லோ 2022 இல் அதே தடத்தில் அப்போதைய சைக்கிள் சாதனையைப் படைத்தும் இரண்டாவதாக வந்தார். 2023 இல் நீஸ் நகரில் அதே துணிச்சலோடு முன்னேறி உலகப் பட்டத்தையும் வென்றார். வெற்றிக்காகப் போட்டியிடும் ஒரு தொழில்முறை வீரர் தெரிந்தே எடுக்கிற ஆபத்து அது. தோற்றாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் முறை முழுத் தூரத்தை முடிக்க வந்த ஒருவர், பக்கத்தில் போகிறவரின் சைக்கிளைப் பார்த்துத் தன்னை மறந்து எடுத்தால் அதே செயலுக்கு எந்த நியாயமும் இல்லை.

சைக்கிள் பதிவில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை என்றால் சாப்பாட்டைக் கேள். உடலில் சேமித்துவைக்க முடிகிற கிளைக்கோஜன் ஏறக்குறைய 2,000 கலோரிக்கு ஈடானது; இந்தத் தூரத்துக்கு அது எந்த வகையிலும் போதாது. மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை கார்போஹைட்ரேட் எடுக்கச் சொல்கிறோம். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்குச் சுமார் 60 கிராமுக்கு மேல் உறிஞ்சத் திணறும் என்பதால்தான் அதற்கு மேல் போகிறவர்களுக்கு ஃப்ரக்டோஸும் கலந்து தருகிறோம். திட்டத்தில் இப்படியெல்லாம் எழுதியிருப்பாய். நான் கேட்கச் சொல்வது, எழுதியதில் எவ்வளவு உண்மையில் உள்ளே போனது என்பதை. என் வீராங்கனை ஒருவருக்குச் சீட்டுக்குப் பின்னால் இருந்த கேஜிலிருந்து, மேடுபள்ளமான ஒரு சாலையில், செறிவாகக் கலந்து வைத்திருந்த பாட்டில் குதித்து விழுந்துவிட்டது. அவர் நிற்கவில்லை. இரண்டு நிமிடம் மிச்சம் என்று நினைத்தார். மூன்று மணி நேரத்துக்கான உணவு அந்தப் பாட்டிலில் இருந்தது. பந்தயம் முடிந்து நான்கு நாட்களாக அவர் எனக்குச் சொன்ன காரணம், முழங்காலுக்குக் கீழே தசை பலவீனமாக இருக்கிறது என்பதுதான். பாட்டில் விழுந்த கதை வேறெதையோ பேசும்போது தற்செயலாக வெளிவந்தது. தண்ணீரையும் இதே அளவு துருவிக் கேள். குறைவாகக் குடித்தவர்களைப் பற்றி மட்டும் கவலைப்படுவது நம் வழக்கம். ஆனால் வியர்வையில் இழந்ததைவிட மிக அதிகமாக வெறும் தண்ணீரைக் குடித்து இரத்தத்தில் சோடியம் இறங்கிப்போவது அதைவிட ஆபத்தானது. பந்தயத்துக்குப் பின் எடை குறையாமல் கூடியிருந்தால் அதை ஒரு நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதே.

அடுத்ததாக, ஓட்டத்தின் வேகத்தையும் இதயத் துடிப்பையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார். வேகம் குறையும்போது துடிப்பும் சேர்ந்து இறங்கினால், எரிபொருள் தீர்ந்ததா, கால் தசைகள் கைவிட்டனவா என்ற பக்கம் தேடு. வேகம் குறைந்தும் துடிப்பு மேலேயே நின்றால், வெப்பமும் நீரிழப்பும்தான் முதல் சந்தேகம். அப்போது தோலைக் குளிர்விக்கவும் தசைக்கு ஊட்டவும் ஒரே இரத்தம் இரண்டு பக்கமும் ஓட வேண்டியிருக்கிறது. சைக்கிளும் உணவும் சரியாக இருந்து, முதல் கிலோமீட்டரிலிருந்தே இலக்கு வேகம் அவருக்குக் கடினமாக இருந்திருந்தால் மட்டும், ஓட்டப் பயிற்சி குறைவு, அல்லது இலக்கே பொய் என்று சொல்லலாம். பின்னதுதான் அடிக்கடி நடக்கிறது. தனி மாரத்தான் நேரத்தை வைத்து இலக்கு எழுதுகிற பழக்கத்தை நம் பயிற்சியாளர்கள் ஏன் விடுவதில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

அனுபவசாலிகளுக்கு இதெல்லாம் நேராது என்றும் எண்ணாதே. பவுலா நியூபி ஃப்ரேசர் 1995 இல் கோனாவுக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே ஏழு முறை வென்றிருந்தார். கரேன் ஸ்மயர்ஸ் துரத்தி வந்த அவசரத்தில் தண்ணீரும் உணவும் தரும் கடைசி எய்ட் ஸ்டேஷன்களைத் தவிர்த்துவிட்டு ஓடியவர், முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்னால் நிலைகுலைந்து விழுந்தார். நீண்ட நேரம் கழித்து எழுந்து நடந்து நான்காவதாக முடித்தார். அடுத்த ஆண்டே திரும்பி வந்து எட்டாவது முறை வென்றார். 1995 இல் அவர் விழுந்ததை மனவலிமைக் குறைவு என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். ஆனால் நம் வீரர்கள் நடந்தால் மட்டும் மனம் உடைந்துவிட்டது என்று எளிதாக எழுதிவிடுகிறோம். உன் கடிதத்திலும் அந்த வாக்கியம் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லாமல் இருந்திருப்பாய் என்று நம்புகிறேன். சர்க்கரை தீர்ந்த மூளை, எல்லாம் போதும், நின்றுவிடு என்றுதான் சொல்லும். வயிற்றில் தொடங்கியதைக் குணத்தின் குறையாகக் கணக்கெழுதினால், அவரால் அடுத்த முறை திருத்திக்கொள்ள ஒன்றும் இருக்காது.

நீச்சலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் மிதவை வரை கூட்டத்தில் அடித்துப் பிடித்துப் போனாரா, நேர்கோட்டில் நீந்தினாரா என்ற இரண்டையும் பார்த்தால் போதும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு மாறும் ட்ரான்சிஷன்களில் இழந்த நிமிடங்களையும் இப்போதைக்கு விட்டுவிடு. பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்பதை மட்டும் ஒரு முறை செய்துகாட்டச் சொல்: 2008 கோனாவில் கிறிஸ்ஸி வெலிங்டன் டயர் பஞ்சராகி, டயரில் அடைக்கத் தன்னிடம் இருந்த வாயு வீணாகி, சக போட்டியாளர் ரெபெக்கா கீட் தந்த குப்பியால்தான் மறுபடி கிளம்பினார். அன்று வெலிங்டனே வென்றார் என்றாலும், எல்லாருக்கும் ஒரு கீட் கிடைப்பார் என்று திட்டமிட முடியாது.

வரைபடங்களைக் காட்டுவதற்கு முன் அவரைப் பேசவிடு. காலையில் சாப்பிட்டதில் தொடங்கி வரிசையாகச் சொல்லச் சொல்லி, இடையில் திருத்தாமல் எழுதிக்கொள். எண்களை முதலில் காட்டிவிட்டால் அவர் அந்த எண்களுக்கு ஏற்ற கதையைத்தான் சொல்வார். இதையும் விரைவில் செய்துவிடு. நாள் ஆக ஆக நினைவு தானாகவே ஒழுங்குபட்டு, விழுந்த பாட்டில்களையெல்லாம் மறைத்துவிடும்.

அதுவரை நீ கூட்டிய இரண்டு ஓட்டங்களையும் திட்டத்திலிருந்து எடுத்துவிடு. முழுத் தூரத்தை முடித்த உடலுக்கு இப்போது தேவையானது இரண்டு மூன்று வார ஓய்வும், விருப்பப்பட்டால் மெதுவான நீச்சலும்தான். பயிற்சி மறுபடி தொடங்கும்போது நீண்ட சைக்கிள் பயிற்சியை மட்டும் மாற்று: பந்தயத்தில் சாப்பிடப் போகும் அதே உணவை, அதே அளவில், அதே இடைவெளியில் அதில் சாப்பிடட்டும், ஏற்றங்களில் ஒரு வாட் எல்லையைத் தாண்டாமல் ஓட்டட்டும், இறங்கியதும் அரை மணி நேரம் பந்தய வேகத்தில் ஓடட்டும். அவருடைய சைக்கிள், ஓட்டப் பதிவுகள் இரண்டையும், அவர் சொன்னதை நீ எழுதிக்கொண்ட தாளையும் எனக்கு அனுப்பு. ஓட்டத்தில் எதைக் கூட்டுவது என்பதை அவற்றைப் பார்த்த பிறகு பேசுவோம்.

அன்புடன்,
உன் பழைய பயிற்சியாளர்